செல் பீஸ் இருந்தால் எல்லாத் தலையிடியும் அதாலதானா?

வன்னியில், தலையில் செல் துண்டு (போரில் வெடித்த எறிகணையின் சிதறல்) உள்ள ஒருவர் தலையிடி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாரணை பெரும்பாலும் ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். “செல் பீஸ் இருக்கோ?” “ஓம்.” “அப்ப அதாலதான்.” சீட்டில் பனடோல் (பரசிட்டமோல்) எழுதுவார்கள், அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பல வருடமாக இதுதான் நடந்தது. என் தலையிடிக்கும் அந்தத் துண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போதுதான் தெரியவந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்பு பக்கம் என்னைப் போலப் பலர் இருக்கிறீர்கள் என்பது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் துண்டு 2009இல் பட்டது. இடது காதுக்கு மேலே, தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் கிடக்கிறது. விரலை வைத்து அழுத்தினால் தட்டுப்படும். எக்ஸ்ரேயில் ஒரு நெல்மணி அளவு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் இடி ஒரு நாள் இடப்பக்கம் வரும், இன்னொரு நாள் வலப்பக்கம் வரும். துண்டு இடப்பக்கம் இருக்க வலப்பக்கம் ஏன் இடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. துடித்துத் துடித்து இடிக்கும். வெளிச்சம் ஆகாது. பக்கத்து வீட்டுக் குசினியில் தாளிக்கிற மணம் வந்தாலே சத்தி வரும். சில நாள் இடி தொடங்குமுன் கண்ணுக்குள் வளைந்து வளைந்து கோடுகள் மினுங்கும். ஒருக்கால் வந்தால் அந்த நாளும் போய் அடுத்த நாளும் போய்விடும்.

கண் பரிசோதித்தார்கள், கண்ணாடி தந்தார்கள். வாசிக்க உதவியது, இடிக்கு உதவவில்லை. பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அப்புறம் பீனிசம் (சைனஸ்). எங்கள் ஊரில் நெற்றியும் கன்னமும் பாரமாக இருந்து மூக்கால் தண்ணீர் வடிந்தால் அது பீனிசம் என்று முடிவுகட்டி, ஆளுக்காள் நொச்சி இலையில் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். நானும் பிடித்தேன், மூக்குக்குள் விசிறுகிற மருந்தும் அடித்தேன். உண்மை என்னவென்றால், ஒற்றைத் தலையிடி (மைக்ரேன்) வரும்போதும் மூக்கு வடியும், கண் கலங்கும், முகம் பாரமாகும். பீனிசம் என்று சொல்லித் திரிகிற பலருக்கு இருப்பது ஒற்றைத் தலையிடிதான். சளி மஞ்சளாக, பச்சையாகத் தடித்து வந்தால், காய்ச்சல் இருந்தால், மணம் தெரியாமல் போனால் பீனிசத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கப் போன கதைக்கு வருகிறேன். வெளியில் காசு கட்டி, சனல் பண்ணி (தனியாரிடம் நேரம் எடுத்து) பார்த்த ஒரு டொக்டர், தலையில் துண்டு இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும் எம்ஆர்ஐ எழுதித் தந்தார். யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்தில் நாள் எடுத்து முற்பணமும் கட்டினோம். தொலைபேசியில் பெயர், வயது, காசு எல்லாம் கேட்டார்கள். உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் ஏறி, பரந்தனில் மாறி, ஆனையிறவு தாண்டி, சாப்பிடாமல் போய்ச் சேர்ந்தோம். தோட்டைக் கழற்றி, தாலிக்கொடியைக் கழற்றி இவரிடம் கொடுத்து, அவர்கள் தந்த உடுப்பை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் ஒரு படிவத்தை நீட்டினார்கள். செல் துண்டு என்றதும் மெஷின் பார்க்கிற தம்பி பேனையை மூடிவிட்டார். “அக்கா, எக்ஸ்ரே றிப்போட் இல்லாமல் உங்களை உள்ளுக்கு விட ஏலாது.”

அந்தத் தம்பியில் பிழை இல்லை. எம்ஆர்ஐ மெஷினின் காந்தம் ஓர் ஆள் போய் அடுத்த ஆள் வருமுன் நிறுத்தி வைக்கிற ஒன்றல்ல, எந்த நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். செல் துண்டு இரும்பு வகையாக இருந்தால் உள்ளேயே அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குள்ளோ மூளையிலோ பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் பெரும் ஆபத்து. எழுதித் தந்தவரும் காசு வாங்கினவர்களும் முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, பசியோடு திரும்புகிற வழியில் அந்த வருடத்திலேயே மோசமான இடி வந்தது. துண்டு உள்ளவர்கள் எம்ஆர்ஐ என்ற பேச்சு எடுத்தவுடனேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிடி ஸ்கான் எக்ஸ்ரே வகை, அதில் காந்தம் இல்லை, துண்டோடு எடுக்கலாம்.

கடைசியில் வழி காட்டியது எந்த மெஷினும் அல்ல, எங்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டொக்டர். கிளினிக் கொப்பியை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். “காயப்பட்டு எத்தின நாளில தலையிடி துவங்கினது?” என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் இதைக் கேட்கிறார். நாள் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என்றேன். தலையில் அடிபட்டதால் வருகிற தலையிடி வழமையாக ஒரு கிழமைக்குள் தொடங்கிவிடும் என்றார். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், இடி வந்தால் படுப்பீர்களா நடப்பீர்களா, அம்மாவுக்கு இருந்ததா, மாதவிடாய்க்கு முன்னா பின்னா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவுக்கு இருந்தது. இருட்டறையில் தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருப்பா. கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் பிடித்துப் பார்த்தார், கழுத்தை வளைத்தார், கைகால் பலம் பார்த்தார். “இது ஒற்றைத் தலையிடி. இப்ப ஸ்கான் ஒண்டும் தேவையில்லை” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணுக்குள் கோடுகள் வருவதைச் சொன்னதும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுகிறேனா என்று கேட்டார். அப்படிக் கோடு தெரிகிறவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசை கூடாது, பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அதன் பிறகு கேட்டதுதான் முக்கியமானது: “மாதத்தில எத்தின நாள் குளிசை போடுறீங்கள்?” கைப்பையில் இருந்த குளிசைக் கார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் சந்திப் பார்மசியில் “தலையிடிக்குத் திறம்” என்று சொல்லித் தருகிற குளிசை, பாதிக்கு மேல் குழி காலி. அதில் பரசிட்டமோலோடு கோடீனும் (அபின் வகை நோமருந்து) சேர்ந்திருக்கிறது என்று டொக்டர் வாசித்துக் காட்டினார். இத்தனை காலம் விற்றவர் அதை ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். இப்படிக் கலந்த குளிசையை மாதத்தில் பத்து நாளுக்கு மேலோ, வெறும் பரசிட்டமோலைப் பதினைந்து நாளுக்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். எனக்கு இடையிடையே வந்த இடி அநேகமாக ஒவ்வொரு நாளும் வருகிறதாக மாறியது இதனால்தான். துண்டு துண்டு என்று அனுப்பிவைத்த ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிடைத்தது இன்னும் கொஞ்சம் குளிசை.

நிறுத்தச் சொன்னார். முதல் கிழமை நரகம், இதை மறைக்க விரும்பவில்லை. நிறுத்தினால் முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாங்கினேன். இவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், மாமி சமைத்தா. கோடீன் உள்ளதைக் கூடுதலாகப் போட்டு வருகிறவர்கள் டொக்டரின் சொற்படியே நிறுத்துங்கள்.

வராமல் தடுக்கிற மருந்து வேறு. முதலில் புரொப்ரனலோல் எழுதப் போனார், சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது என்றதும் பேனையை எடுத்துவிட்டார். தொய்வுக்காரருக்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று தந்தார். மருந்து கொடுக்கிற யன்னலில் இருந்தவர் வரிசைக்கே கேட்கும்படி “இது மனவருத்தக்காரருக்குக் குடுக்கிற மருந்தெல்லோ, உங்களுக்கேன்?” என்றார். எனக்குப் பின்னால் எங்கள் ஊர் ஆட்கள் நின்றார்கள். மனநோய் வெட்கப்பட வேண்டிய ஒன்று அல்ல, ஆனால் ஒருவரின் மருந்தைக் கூவிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அந்த மருந்து குறைந்த அளவில் தலையிடியைத் தடுக்கக் கொடுப்பது வழமை. புரொப்ரனலோல் வாங்கினவர்களை “பிரஷர் வந்திட்டுதோ” என்று கேட்பார்கள், அதற்கும் பயந்து நிறுத்தாதீர்கள். இந்த மருந்துகள் அன்றைக்கே வேலை செய்யாது, இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும். எனக்கு வாய் காய்ந்தது, காலையில் தூக்கம் தள்ளியது. நேரத்தோடு, ஏழு மணிபோலப் போடத் தொடங்கியதும் சரிவந்தது.

கிளினிக் வாங்கில் ஓர் அண்ணையோடு கதைத்தேன். அவருக்கு நடுச்சாமத்தில் ஒரு கண்ணைச் சுற்றி வருமாம், அந்தக் கண் சிவந்து தண்ணீர் ஓடுமாம். படுக்க ஏலாது, முற்றத்தில் மேலும் கீழும் நடப்பாராம். ஒரு மணித்தியாலத்தில் போய்விடும், அடுத்த நாள் அதே நேரம் திரும்ப வரும். ஒரு நல்ல பல்லைப் பிடுங்கியும் விட்டார்கள், பாவம். அது கொத்துத் தலையிடி என்று ஒரு தனி வகை. ஒற்றைத் தலையிடிக்காரர் அசையாமல் கிடப்போம், அவர்களால் இருக்கவே முடியாது. முகமூடி வைத்து நல்ல வேகத்தில் ஒட்சிசன் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் பலருக்கு அடங்கும். எங்கள் சங்கத்தில் கணக்கு எழுதுகிற தங்கச்சிக்கு வருவது வேறு: நெற்றியைச் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கும், சத்தி இல்லை, வேலையும் செய்யலாம். அது இறுக்கத் தலையிடி, எல்லாவற்றிலும் சாதாரணமானது. நித்திரையும் கழுத்துப் பயிற்சியும் எப்போதாவது ஒரு பனடோலும் போதும்.

ஆனால் காத்திருக்கக் கூடாதவை உண்டு. சில நொடிகளிலேயே உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையில் வராத மாதிரியான இடி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கைகால் சோர்வு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ பெற்ற பிறகோ புதிதாக வருவது. ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்குவது. உடனே போங்கள். வயலில் சேற்றுக்குள் நின்றவருக்குக் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலில் நின்றதை டொக்டரிடம் சொல்லுங்கள். மாரியில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் நொந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோலைத் தவிர வேறு நோக்குளிசை வேண்டாம். அதுவும் பெரியவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் கூடாது.

கிளினிக் போகுமுன் சுவரில் தொங்குகிற கலண்டரில் இடி வந்த நாளுக்கு ஒரு கோடும், குளிசை போட்ட நாளுக்கு ஒரு வட்டமும் போட்டுக்கொண்டு போங்கள். என் கலண்டரில் வெள்ளி விரதத்துக்கு அடுத்த நாளும் மாதவிடாய்க்கு முந்தின நாட்களும் கோடாகவே நின்றன. விரதத்தை விடவில்லை, இப்போது பழமும் பாலும் எடுக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். கலண்டரைக் கழற்றி அப்படியே கொண்டுபோய்க் காட்டியபோது டொக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்தார்.

இன்னொன்று. உடம்பில் துண்டு எங்கே, எத்தனை என்று எக்ஸ்ரே பார்த்து ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். முதலில் “அதெல்லாம் தேவையில்லை” என்றார்கள், நான் நின்று கேட்டே வாங்கினேன். ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி, ஒன்றை வீட்டில் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.