பந்திங் இலைச்சோறும் கொர்வெட் கப்பலின் ஆறிய குழம்பும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து பந்திங் வரை பஸ் ஒழுங்காகத்தான் வந்தது. மோரிப் கடற்கரைக்குப் பிடித்த வாடகைக் கார்தான் என் ஒரு நாள் சாப்பாட்டுக் காசை விழுங்கியது. "திரும்பும்போது ஆள் கிடைக்காது" என்று ஓட்டுநர் இரு வழிக்கும் சேர்த்துக் கறந்துவிட்டார். பேரம் படியாமல் இறங்கலாமென்றால் சுற்றிலும் செம்பனைத் தோட்டம்!

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பிடித்திருந்த மலாயாவை மீட்க, மோரிப்பில் 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டனின் இந்தியப் படைகள் கரையிறங்கின. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டது; வண்டிகளை மடக்கியது சேறுதான். இன்றும் அதே சேறு. கொடுத்த காசுக்குக் கடற்கரை சுமார்தான்.

பந்திங் திரும்பி இலைச்சோறு சாப்பிட்டபோதுதான் எரிச்சல் தணிந்தது. என்ன நண்டுப் பிரட்டல்! எதிரே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர், "சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் தம்பி, எங்கள் அப்பாவுக்குக் கப்பலில் அது வாய்க்கவில்லை" என்றார். தந்தை ராயல் இந்தியக் கடற்படையின் காவல் கப்பலொன்றில் கொதிகலன் அறையில் இருந்தவராம். மகன் அந்த வகைக் கப்பல்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறார்.

பிரிட்டனின் 'ஃபிளவர்' வகைக் கொர்வெட் என்ற சிறு போர்க்கப்பல், திமிங்கில வேட்டைக் கப்பலைப் பார்த்து வரைந்தது. 205 அடி நீளம், ஏறத்தாழ 85 பேர். கரையோரக் காவலுக்கென்று கட்டியதை அட்லாண்டிக்குக்கு அனுப்பினார்கள். வேகம் 16 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நீர்மேல் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதைவிடச் சற்று வேகம். துரத்துகிறவன் பின்தங்கும் வேட்டை! முதலில் கட்டியவற்றில் சமையலறை பின்னால், மாலுமிகளின் இருப்பிடம் முன்னால். அலை ஏறும் திறந்த தளத்தில் குழம்பைத் தூக்கி வருவதற்குள் அது ஆறிவிடும், சில நாள் கடலுக்கே போய்விடும். ரொட்டி பூஞ்சணம் பிடித்த பிறகு டின் இறைச்சியும் கடின பிஸ்கட்டும்தான். உடுப்பும் படுக்கையும் காய்வதே இல்லை. அருங்காட்சியகங்களில் பீரங்கிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை அந்தச் சமையலறைக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஆசிரியர் பீரங்கிக் கதையும் சொன்னார். 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடல். டச்சு எண்ணெய்க் கப்பல் 'ஒன்டினா'வுக்குத் துணையாகப் போன இந்தியக் கடற்படையின் சிறுகப்பல் 'பெங்கால்', ஆயுதம் பூட்டிய இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டது. 'ஹோகோகு மாரு' மூழ்கியது, 'பெங்கால்' தப்பியது.

ஆனால் அவர் குரல் உயர்ந்தது 1946 பிப்ரவரி 18 பற்றிப் பேசும்போதுதான். அதே கடற்படையின் பம்பாய் 'தல்வார்' கரைத் தளத்தில் மாலுமிகள் மோசமான உணவை மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கப்பல்களுக்கும் அது பரவியது. "அப்பா இருந்த கப்பலின் சாப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் என்ன வியப்பு?" என்றார்.

பயனுள்ள தகவல் கேட்பவர்களுக்கு: சோறு எத்தனை முறை கேட்டாலும் கூடுதல் காசில்லை. நண்டுக்குத் தனி விலை. இலை போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.