மேல்நிலைப் பள்ளி அமைப்புகளில் சேர விரும்பும் மாணவர்களுக்கு

பதினோராம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் வகுப்பறைக்கு ஒரு சுற்றறிக்கை வரும். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, சாரண சாரணியர் இயக்கம், தேசிய பசுமைப் படை, தமிழ் இலக்கிய மன்றம் என்று பெயர்களை ஆசிரியர் வாசிப்பார். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்பார். எதில் சேர்வது, சேர்ந்தால் படிப்பு கெடுமா, சான்றிதழால் என்ன பயன் என்ற கேள்விகளுக்கு வீட்டில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மேல்நிலை வகுப்புகள் இரண்டிலும் நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டராகவும், இலக்கிய மன்றச் செயலாளராகவும் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். ஓர் அமைப்பிலோ, மிஞ்சினால் இரண்டிலோ மட்டும் சேருங்கள். பதினோராம் வகுப்பிலேயே சேருங்கள். பதவியைத் தேடுவதைவிட, தினமும் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். இனி எழுதப்போவதெல்லாம் இவற்றுக்கான விளக்கமே.

முதலில் தேர்வு. பள்ளிகளில் தேசிய மாணவர் படையில் பெரும்பாலும் எட்டாம் வகுப்பிலேயே சேர்ந்து, இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு எழுதுவார்கள். சாரணர் இயக்கத்திலும் படிப்படியாகத் தேறித்தான் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதுக்குப் போக முடியும். ஆகவே, மேல்நிலையில் புதிதாகச் சேர்பவருக்கு ஏற்றவை நாட்டு நலப்பணித் திட்டமும் பள்ளி மன்றங்களும்தான். மாணவர் படையில் சேர ஆசை இருந்து வாய்ப்பு தவறியிருந்தால் வருந்த வேண்டாம். கல்லூரியில் சேர்ந்து 'பி', 'சி' சான்றிதழ்கள் பெறலாம். 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வு இல்லாமலேயே ராணுவ அதிகாரி பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். 120 மணி என்றதும் பெற்றோர் திகைப்பார்கள். சனிக்கிழமை காலையில் நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால் ஓராண்டில் முப்பது அரைநாட்கள் போதும். ஆனால் பள்ளி வளாகத்தைக் கூட்டிப் பெருக்கியே இந்த மணிகளை நிரப்பிவிட முடியாது. பெரும்பகுதி வெளியே, தத்தெடுத்த கிராமத்திலோ தெருவிலோ மக்களுக்காகச் செய்த பணியாக இருக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் பள்ளியில் வளாகத் தூய்மை மட்டுமே நடந்துகொண்டிருந்தால், திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். அவருக்கும் பாட வேளைகளும் விடைத்தாள்களும் உண்டு. நான்கு மாணவர்கள் முன்வந்து, இந்தத் தெருவில் இந்த வேலையைச் செய்யலாம் ஐயா என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்.

சிறப்பு முகாம் பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு விடுமுறையில், பள்ளிக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு கிராமத்தில் நடக்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்க வேண்டியிருக்கும். காலையில் கோயில் வளாகம், குளக்கரை, பள்ளிச் சுற்றுப்புறம் ஆகியவற்றைச் சீர்செய்தல், சீமைக் கருவேலம் அகற்றுதல். பிற்பகலில் கருத்தரங்கு, கண் பரிசோதனை முகாம் அல்லது கால்நடை மருத்துவ முகாம். மாலையில் கலை நிகழ்ச்சி என்று நாள் நகரும். தொண்டர்களைக் குழுக்களாகப் பிரித்து உணவு, மேடை, களப்பணி என்று பொறுப்பளிப்பார்கள். எல்லோரும் மேடைக் குழுவையே விரும்புவார்கள். நீங்கள் உணவுக் குழுவைக் கேளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐம்பது பேருக்கு ஒரு வேளைச் சோறு என்றால் ஆளுக்கு 150 கிராம் வீதம் ஏழரைக் கிலோ அரிசி என்பது காகிதக் கணக்கு. முதல் நாள் அதில் மிஞ்சும். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்த மூன்றாம் நாளில் அதே அளவு பற்றாது. மறுநாள் என்ன வேலை என்று களப்பணிக் குழுத் தலைவரிடம் முந்தைய இரவே கேட்டு வைத்துக்கொண்டு, சமையல்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கிய தக்காளிக்கும் எண்ணெய்க்கும் ரசீது வாங்கி, தேதி எழுதி, அன்றிரவே கணக்கில் ஏற்ற வேண்டும். ரசீது தராத சந்தைக் கடையாக இருந்தால் ஒரு தாளில் பொருள், எடை, விலை எழுதி ஆசிரியரின் கையொப்பம் பெற வேண்டும். பரிமாறும்போது கடைசிப் பந்தியில் அமர்பவருக்கும் பொரியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் ஏழு நாளும் சலிக்காமல் செய்தவருக்கு ஆட்களை அனுசரித்து வேலை வாங்கவும், பணத்துக்குப் பதில் சொல்லவும் தெரிந்துவிடும். மேடையில் ஒலிவாங்கி பிடித்தவருக்கு இது அவ்வளவு எளிதில் வருவதில்லை.

தொண்டர்கள் வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் போனால் பல வீடுகள் பூட்டியிருக்கும். பெரியவர்கள் நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போயிருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். வாசலில் நின்று, எந்தப் பள்ளி, எதற்காக வந்தோம் என்று சொல்லி, பேசலாமா அம்மா என்று கேட்டபின் படிவத்தை எடுங்கள். கழிப்பறை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதை எல்லாம் முன்பின் அறியாத பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை மதித்து, சொல்லாததை விட்டுவிடுங்கள்.

பணி நாட்குறிப்பை அன்றன்றைக்கே எழுதுங்கள். தேதி, இடம், செய்த பணி, நேரம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கடைசி மாதத்தில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகளையும் நினைவிலிருந்து எழுதுபவர்களின் நாட்குறிப்பு ஒன்றையொன்று பார்த்து எழுதியதாகவே இருக்கும்; கையொப்பமிடும் ஆசிரியருக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

இலக்கிய மன்றத்தில் செயலாளர் பொறுப்பு கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்ட நாள் குறிப்பது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, பேசுபவர்களுக்கு ஒரு வாரம் முன்பே தலைப்புக் கொடுப்பது, கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெறுவது எல்லாம் செயலாளரின் வேலை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதுவரை மேடை ஏறாத ஒருவரை வரவேற்புரைக்கோ நன்றியுரைக்கோ நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகப் பேசும் மூவரையே திரும்பத் திரும்ப அழைத்தால் மன்றம் அந்த மூவருக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

படிப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். தொண்டராக இருந்ததால் பொறியியல் கட் ஆஃப் ஒரு மதிப்பெண்கூட உயராது. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களிலிருந்துதான் 200க்கான அந்தக் கட் ஆஃப் கணக்கிடப்படுகிறது. மதிப்பெண்ணுக்காகச் சேர்பவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். படிப்பும் கெடாமல் இருக்க, கனமான பொறுப்புகளைப் பதினோராம் வகுப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முகாமையும் அந்த ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது. பன்னிரண்டில் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே மணி நேரக் கணக்கை நிறைவு செய்துவிட்டால், செய்முறைத் தேர்வும் மார்ச் மாதப் பொதுத்தேர்வும் நெருங்கும்போது மனம் அலைபாயாது. வீட்டில் தயங்கினால், ஆண்டுக்கான சனிக்கிழமைத் திட்டத்தையும் முகாம் நாட்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். பெண் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு உடன் தங்கும் ஆசிரியைகள் யார், இரவு தங்கும் இடம் எது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பவற்றைத் திட்ட அலுவலரே நேரில் சொன்னால், அதன்பின் பெரும்பாலும் மறுப்பு வராது.

பொறுப்பிலிருந்து விலகும்போது கணக்கு நோட்டு, நடவடிக்கைக் குறிப்பேடு, கடப்பாறை, மண்வெட்டி உள்ளிட்ட பொருள்களின் பட்டியல் ஆகியவற்றைப் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஆசிரியர் முன்னிலையில் எண்ணிப் பார்த்து ஒப்படையுங்கள். சான்றிதழில் உங்கள் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பள்ளியை விட்டுக் கிளம்புமுன் சரிபாருங்கள். திருத்தம் வேண்டுமானால் திட்ட அலுவலர் அந்தப் பள்ளியில் இருக்கும்போதே கேட்பதுதான் எளிது.