மேக் இன்ஸ்டால் அடிக்கும் முன்

டெபியன் 12 என்ற லினக்ஸில் இருப்பது பைத்தான் 3.11. உங்கள் புரோகிராம் 3.13 கேட்கிறது. இப்படி ஒரு தேவை இருந்தால் மட்டும் சோர்ஸில் கை வையுங்கள், அதாவது பைத்தானின் மூல நிரலை இறக்கி நீங்களே கட்டுங்கள். வேகமாக ஓடும் என்ற ஆசைக்காக வேண்டாம். பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

முதல் கண்ணி கான்ஃபிகரில், கட்டுவதற்கு முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் அது. லிப்எஸ்எஸ்எல்-டெவ் பேக்கேஜ் இல்லையென்றாலும் அது நிற்காது, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். கிடைக்காத மாட்யூல்களை, கட்டும் கருவியான மேக் கடைசியில் பட்டியல் போடும், யார் படிக்கிறார்கள்? அப்புறம் பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் எதையும் இறக்காது. லிப்எஃப்எஃப்ஐ-டெவ் விட்டுப்போனால் சி லைப்ரரிகளைக் கூப்பிடும் சிடைப்ஸ் மாட்யூல் இருக்காது. டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்டின் சோர்ஸஸ் ஃபைலில் டெப்-எஸ்ஆர்சி வரியைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, பைத்தான் 3.11-க்கு ஆப்ட் பில்ட்-டெப் ஓட்டினால் இந்த டெவ் பேக்கேஜ்கள் மொத்தமாக வந்துவிடும்.

கான்ஃபிகரில் எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் போட்டால் ஒருமுறை கட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கட்டும். நேரம் பிடிக்கும். நடுவில் தண்டையார்பேட்டையில் கரண்ட் போனால்? மேக் ஃபைல்களின் நேரத்தைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் பாதியிலோ காலியாகவோ நிற்கலாம். அதன் நேரம் புதிது என்பதால் மேக் அதை முடிந்த கணக்கில் சேர்த்துவிடும், ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைக்கும் லிங்கர்தான் கத்தும். அந்த ஃபைலை அழித்துவிட்டு மறுபடி மேக். சந்தேகமென்றால் மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து கட்டுங்கள். யுபிஎஸ் இருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

பெரிய வம்பு மேக் இன்ஸ்டால். எங்கே போட வேண்டும் என்ற பிரிஃபிக்ஸை கான்ஃபிகரில் கொடுக்காவிட்டால் யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் பைத்தான்3 என்ற பெயரிலேயே உட்காரும். கமாண்டுகளை ஷெல் தேடும் பாத் வரிசையில் அதுதான் முன்னால். எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் அடிக்கும் ஸ்கிரிப்ட் என்வ் வழியாகப் பைத்தான்3-ஐக் கூப்பிடுகிறது என்றால், காலையில் ஷட்டர் திறந்ததும் ‘மாட்யூல் இல்லை’ என்று நிற்கும். ஆப்ட் போட்ட மாட்யூல்கள் டிஸ்ட்-பேக்கேஜஸ் டைரக்டரியில் இருக்கின்றன. புதுப் பைத்தான் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

எனவே பிரிஃபிக்ஸை ஆப்ட் தொடாத ஓபிடி/பைத்தான்313 என்று வையுங்கள், பைத்தான்3 என்ற பெயரைத் தொடாத மேக் ஆல்ட்இன்ஸ்டால் அடியுங்கள். வேண்டாமென்றால் அந்த டைரக்டரியை அழித்தால் தீர்ந்தது. ஓபன்எஸ்எஸ்எல்லின் பாதுகாப்பு ஓட்டை ஆப்ட் அப்கிரேடில் அடைபடும், அது சிஸ்டத்தின் லைப்ரரி. பைத்தானின் ஓட்டை அடைபடாது, 3.13-இன் ஒவ்வொரு பாதுகாப்பு வெளியீட்டுக்கும் நீங்களேதான் திரும்பக் கட்ட வேண்டும்.

ஏற்கெனவே யுஎஸ்ஆர்/லோக்கலில் போட்டுவிட்டீர்களா? பைத்தானில் மேக் அன்இன்ஸ்டால் கிடையாது. ஒரு ஃபைல் எந்தப் பேக்கேஜுடையது என்று சொல்லும் டிபிகேஜி -எஸ் (பெரிய எழுத்து S) கொடுத்து, எந்தப் பேக்கேஜும் உரிமை கோராதவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும். அழித்த பிறகும் ஷெல் பழைய பாதைக்கே ஓடினால், அது நினைவில் வைத்ததை மறக்கச் செய்யும் ஹாஷ் -ஆர் அடியுங்கள்.