ஏடிஎல்எஸ் பயிற்சி: போய்வந்த அனுபவம்

பலத்த அடிபட்டு வருபவரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஏபிசிடிஇ தெரியாத டாக்டர் கிடையாது. ஹவுஸ் சர்ஜனை (பயிற்சி டாக்டரை) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏர்வே (சுவாசப் பாதை), பிரீத்திங் (மூச்சு), சர்குலேஷன் (ரத்த ஓட்டம்), டிஸபிலிட்டி (நினைவு, மூளை நிலை), எக்ஸ்போஷர் (துணி விலக்கி முழு உடம்பையும் பார்ப்பது) என்று ஒப்பித்துவிடுவார். விபத்தில் அடிபட்டவர்களின் உயிரைக் காக்க டாக்டர்களுக்குத் தரும் ஏடிஎல்எஸ் (அட்வான்ஸ்டு டிராமா லைஃப் சப்போர்ட்) பயிற்சிக்கு வந்திருந்த எங்கள் கூட்டத்திலும் சர்ஜரி, ஆர்த்தோ, மயக்கவியல், என்னைப் போல கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கிறவர்கள் என்று எல்லாருக்கும் அது மனப்பாடம்தான். ஆனால் அந்த வரிசையைக் கை தன்னால் செய்யும்வரை பழக்குவது வேறு வேலை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சி பிறந்த கதையை முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தானே ஓட்டிவந்த சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார், நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பலத்த அடி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடைத்த சிகிச்சை அவருக்குப் பெரிய அதிர்ச்சி. அதிலிருந்துதான் 1978-இல் முதல் பயிற்சி நடந்தது, 1980-இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அதை ஏற்றுக்கொண்டது.

சரி, பயிற்சிக்கு வருவோம். விரிவுரைகளைவிட மாதிரி நோயாளி பகுதியில்தான் எல்லாம் இருக்கிறது. மேக்கப் ரத்தத்தோடு ஒருவர் படுத்து முனகுவார். பல்ஸ், பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எதையும் நீங்களாகக் கேட்டால்தான் பயிற்றுநர் சொல்வார். எங்கள் குழுவுக்கு வந்த கேஸில் தொடை எலும்பு உடைந்து கால் கோணிக் கிடப்பதாகக் காட்டியிருந்தார்கள். உள்ளே போன எல்லார் கண்ணும் காலுக்குத்தான் போனது. பயிற்றுநர் அமைதியாக, "சாச்சுரேஷன் 88... 84..." என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். இடது பக்க நெஞ்சு அசையவில்லை, தட்டினால் வெற்று ஒலி, கழுத்து ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, டென்ஷன் நியூமோதோராக்ஸ், அதாவது நெஞ்சுக்குள் காற்று அடைத்துக்கொண்டு நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துகிறது! எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் அங்கேயே காற்றை வெளியேற்ற வேண்டும். பெரியவர்களுக்கு அந்தக் காற்றை எடுக்க ஊசி குத்தும் இடத்தை 2018 பதிப்பில் நெஞ்சின் பக்கவாட்டுக்கு, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளிக்கு மாற்றிவிட்டார்கள், பழைய இடத்தையே சொன்னவர்கள் எங்களில் நிறைய.

திரும்பத் திரும்ப எங்களைப் பிடித்து நிறுத்தியது ஒரே விஷயத்துக்காக: ஒரு படியில் கோளாறு கண்டால் அதைச் சரிசெய்த பிறகே அடுத்த படி, நிலைமை மாறினால் மறுபடி ஏ-விலிருந்து. ரத்தம் பீறிட்டுக் கொட்டினால் மட்டும் அதை அழுத்திப் பிடிப்பது ஏ-வுக்கும் முந்தியது. "உங்க பேர் என்ன, என்ன ஆச்சு?" என்று கேட்டு, தெளிவான குரலில் பதில் வந்தால் சுவாசப் பாதை திறந்திருக்கிறது, பேசுமளவு மூச்சு இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று ஒரே கேள்வியில் மூன்றும் தெரிந்துவிடும். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பிபி விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இளவயதுக்காரர் உடல் ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை இழக்கும்வரை சிஸ்டாலிக் பிபி (பிபியின் மேல் எண்) விழாமலே இருக்கலாம். 110 இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பல்ஸ் எவ்வளவு, கை சில்லென்று இருக்கிறதா, விரலை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு எண்ணிக்கையும் அப்படித்தான், கேஸ் ஷீட்டில் எண்ணாமலே 20 என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டே ஆக வேண்டும்.

டி-யில் ஜிசிஎஸ் (நினைவு எவ்வளவு என்று போடும் மதிப்பெண்), கண்மணி, கூடவே சிபிஜி (விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை). மயங்கி வந்தவர் மேல் சாராய வாடை அடித்தால் சர்க்கரை பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை, அவருக்குத்தான் கட்டாயம் பார்க்க வேண்டும். இ-யில் துணியை வெட்டி, முதுகைத் திருப்பிப் பார்த்ததும் போர்வை. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் கெடும்.

போகிறவர்களுக்கு ஒன்று: கையேட்டை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள், செய்முறைத் தேர்வில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது தேர்வுக்காக மட்டுமில்லை. ரெட் ஜோனில் (உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் பகுதியில்) டாக்டர் "ஏர்வே ஓகே, இடது பக்கம் காற்று போகல" என்று உரக்கச் சொன்னால் சிஸ்டர் கேட்காமலே ஐசிடி செட்டை (நெஞ்சில் குழாய் வைக்கும் கருவிகளை) எடுத்துவிடுவார். சான்றிதழ் நான்கு ஆண்டுக்குத்தான், அதற்குள் கை மறந்துவிடும். அதனால் எங்கள் யூனிட்டில் டியூட்டி மாறும் நேரம் கூட்டம் இல்லையென்றால் ஹவுஸ் சர்ஜன் ஒருவரைப் படுக்கவைத்து ஏ-விலிருந்து இ வரை ஒரு சுற்று செய்து பார்க்கிறோம், சிஸ்டர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.