முட்டத்தில் மணலைப் பாருங்கள்

முட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கலங்கரை விளக்கத்தையும் பாறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காலடியில் கிடக்கும் மணலையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் பஸ் பிடித்து முட்டம் போய், அப்புறம் கடியபட்டணம் வழியாக மணவாளக்குறிச்சிக் கரைக்குப் போனேன். ஜூலை மாதம், கடல் நல்ல சீற்றத்தில் இருந்தது. அலை கரையை அரித்து, முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிட்டிருந்தது. அந்த வெட்டில் வெளிர் மணலும் கருமணலும் மாறி மாறி அடுக்கடுக்காகத் தெரிந்தன. கருமணலை ஒரு பிடி அள்ளினால் கை கனக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பளபளக்கும் கறுப்பு மணிகளுக்கு நடுவே கார்னெட் என்ற கனிமம் இளஞ்சிவப்பாக மின்னுகிறது.

எல்லாம் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் மிச்சம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாக அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கி, பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிடுகிறது. பிடிப்பு விட்டுப்போன பாறை பொலபொலவென்று உதிர்கிறது. வெளிர் மணலான குவார்ட்ஸ், கறுப்பு மணியான இல்மனைட், இன்னும் சிர்கான், மோனசைட் போன்ற கனிமங்கள் எல்லாம் லேசில் கரையாதவை. மணியாகவே தப்பித்து, வள்ளியாறு போன்ற சிற்றாறுகளில் இறங்கிக் கடலுக்கு வந்துவிடுகின்றன. களிமண் கலங்கலாகவே தூரத்துக்குப் போய்விடும். மணல் கரையோரம் தங்கும்.

மீதி வேலை அலையுடையது. ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது. இறங்கும்போது அவ்வளவு வலு இல்லை. குவார்ட்ஸின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.65 மடங்கு, இல்மனைட்டுக்கு ஏறக்குறைய 4.7. முறத்தில் புடைத்தது போல லேசானது போய்க் கனமானது நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அலை வடியும்போதும் ஒரு கறுப்புக் கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதால் இங்கே இயற்கைக் கதிர்வீச்சு சற்று அதிகம். இந்த மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும், இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவன ஆலையும் மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. எனக்கென்னவோ தோரியத்தைவிட அந்த அலை செய்யும் வேலைதான் பெரிய அதிசயம்.

போவதானால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். கடல் அடங்கிய மாதங்களில் அலை வெளிர் மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடும். முட்டத்துப் பாறைகளில் மட்டும் இறங்கி நிற்க வேண்டாம். அங்கே அலை எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாது.