ஆச்சியின் வெறுங்காது

ஆச்சியின் காது ஓட்டைக்குள் என் விரல் இரண்டு தாராளமாகப் போகும். மத்தியானம் அவள் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டு ஆட்டிக்கொண்டே இருப்பேன். பாம்படம் கன்னத்தில் இடித்து அசையும். ஆச்சி கண்ணைத் திறக்காமலே "ஏளா, அந்து போயிரும்" என்பாள். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் பட்டறை. குமுட்டி அடுப்பும் உமியும் வெங்காரமும் கலந்த வாசனை திண்ணை வரைக்கும் வரும்.

இப்போது மதுரையில் நானே ஒரு சின்னப் பட்டறை வைத்து வெள்ளி நகை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். மீதிப் பேர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதெல்லாம் எதைப் பார்த்து யோசிக்கிறீங்க?" அந்தத் திண்ணையைச் சொல்லத்தான் தோன்றும். சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்பதால் சிரித்துவிட்டு விடுவேன். இங்கே நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

பாம்படத்தை நேரில் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதில் பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. சதுரக் கட்டை, உருண்டை, கூம்பு, தட்டு, அவ்வளவுதான். தென்மாவட்டத்துக் கிழவிகள் இதோடு தண்டட்டி, முடிச்சு, பூச்சிக்கூடு, நாகவடம் என்று ஊருக்கும் வசதிக்கும் தகுந்தபடி அடுக்கிக்கொள்வார்கள். தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, மடித்து, பொடி (ஒட்டவைக்கிற உலோகத் துகள்) வைத்து ஊதிச் சேர்த்து, உள்ளே அரக்கை நிரப்பிச் செய்வது அது. பாம்பு படம் எடுப்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். எனக்குப் பல வருடம் அதில் பாம்பு தெரியவே இல்லை. ஒருநாள் பக்கவாட்டில் திருப்பியபோது சட்டென்று தெரிந்தது: சுருண்டு கிடக்கிற உடம்பு, அதற்கு மேலே நிமிர்ந்த தலை. செதில் இல்லை, கண் இல்லை, நாக்கு இல்லை. என்றைக்கோ ஓர் ஆசாரி பாம்பை உற்றுப் பார்த்து, அதிலிருந்து எதையெல்லாம் விட்டுவிட்டாலும் பாம்பு மிஞ்சும் என்று கண்டுபிடித்திருக்கிறார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

1991-இல் அத்தைக்குக் கல்யாணம் வந்தது. ஆச்சி தானாகவே இரண்டு காதிலிருந்தும் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அம்மாவின் பாம்படத்தை மகனே உருக்க வேண்டும். நான் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சூடு பட்டதும் முதலில் அரக்குதான் உருகி வழிந்தது. கறுப்பாக, அழுக்காக, ஒரு புளித்த வாசனையோடு. பிறகு தகடு சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் மூசைக்குள் மஞ்சளாக ஒரு துளி உருண்டுகொண்டிருந்தது. அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரவில்லை. யாராவது பழைய நகையை உருக்கக் கொண்டு வந்தால், அடுப்பில் வைக்கும் முன்னால் "ஒருக்க தொட்டுப் பாத்துக்கிடுங்கம்மா" என்று அவர் சொல்வது அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஆச்சி அப்புறம் காதில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காது தோளைத் தொடுகிற மாதிரி வெறுமனே தொங்கியது. என் விரல் அதற்குள் போனால் இப்போது தடுப்பதற்கு எதுவும் இல்லை.

சென்னையில் நகை வடிவமைப்புப் படிக்கப் போனபோது முதல் பயிற்சியாக, உங்களைத் தூண்டியவற்றை அட்டையில் ஒட்டி வாருங்கள் என்றார்கள். நான் மயில், தாமரை, கோபுரம் மூன்றையும் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டினேன். ஆசிரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "இதில் நீ கையால் தொட்ட பொருள் எது?" என்று கேட்டார். தாமரையைக்கூட நான் தொட்டதில்லை.

அந்த வாரம் நூலகத்தில்தான் எல்சா பெரெட்டியின் எலும்புக் காப்பைப் பார்த்தேன்.

பெரெட்டி 1940-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பெரிய எண்ணெய் நிறுவன முதலாளியின் மகளாகப் பிறந்தவர். வீட்டை எதிர்த்துக் கிளம்பி பார்சலோனாவில் மாடலிங் செய்து, 1968-இல் நியூயார்க் போனார். மறு வருடம் ஒரு ஆடை அலங்கார நிகழ்ச்சிக்காக, பூ செருகிக்கொள்கிற குட்டி வெள்ளிக் குப்பி ஒன்றைச் செய்து கழுத்தில் தொங்கவிட்டார். நகை வேலை அதில் ஆரம்பித்தது. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது காப்புதான். சிறுமியாக ரோமாபுரியில் இருந்தபோது அவருடைய ஆயா அவரை ஒரு கப்பூச்சின் துறவிகளின் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவாராம். அங்கே நிலவறைச் சுவரும் கூரையும் இறந்துபோன ஆயிரக்கணக்கான துறவிகளின் எலும்புகளால் அலங்கரிக்கப்பட்டவை. தொடை எலும்பில் வளைவு, முதுகெலும்பில் பூ வேலை. குழந்தை பயந்து ஓடவில்லை. எலும்பைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடும். அம்மா திரும்பத் திரும்பத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர அனுப்புவார்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து அந்த எலும்பு வெள்ளிக் காப்பாக வெளியே வந்தது. பார்சலோனாவில் பார்த்த, கட்டடக் கலைஞர் கௌடியின் கட்டடங்களும் அதில் சேர்ந்துகொண்டன. எங்கேயும் எலும்புக்கூடு மாதிரி இருக்காது. நதியில் உருண்ட கல் மாதிரி வழவழப்பாக, மணிக்கட்டுப் பக்கம் புடைத்து ஏறி இறங்கும். வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி.

விடுமுறையில் அந்தப் படத்தை நகல் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கதையை நான் இன்னும் சொல்லவே இல்லை.

"மணிக்கட்டு எலும்புக்கு இடம் விட்ருக்கா பாரு. இது கை தெரிஞ்சவ வேல."

எந்தப் புத்தகமும் பெரெட்டியைப் பற்றி எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடுத்த கேள்வி உடனே வந்தது. "வெள்ளியா? வெள்ளி காலுக்குல்லா?" நம் வீடுகளில் வெள்ளி என்றால் கொலுசு, மெட்டி, அரைஞாண். இடுப்புக்கு மேல் ஏறாது. பெரெட்டி 1974-இல் டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனத்தில் சேர்ந்தபோது அங்கேயும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். வெள்ளியில் தட்டும் பாத்திரமும் விற்றார்களே தவிர, நகை என்று பல வருடங்களாக வெள்ளியை விற்கவில்லை. அதை மாற்றியவர் அவர். விதை மாதிரி ஒரு அவரைக்கொட்டை, நடுவில் ஓட்டை விட்ட ஒரு இதயம், இவையெல்லாம் வெள்ளியில் வந்தன. அந்த இதயத்தைப் பற்றிப் படித்ததை இங்கே குறித்துக்கொள்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்: சிற்பி ஹென்றி மூர் தன் சிற்பங்களில் விடுகிற வெற்றிடம்தான் பெரெட்டியை அதற்குக் கொண்டுபோனது.

சம்பாதித்த பணத்தில் அவர் ஸ்பெயினின் கட்டலோனியாவில் சான் மார்ட்டி வெல் என்ற பாழடைந்த கிராமத்தின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சீர் செய்து அங்கேயே வாழ்ந்தார். 2021 மார்ச்சில் அங்கேயே இறந்தார். செய்தி வந்த அன்று நான் வேலை செய்யவில்லை.

அலெக்சாண்டர் கால்டரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காற்றில் அசையும் சிற்பங்களுக்காகப் பெயர் வாங்கிய அமெரிக்கர். பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டிச் சுருட்டி ஏராளமான நகைகள் செய்தவர். பொடி வைத்து ஊதுகிற வேலையே பெரும்பாலும் கிடையாது; மடக்கிக் கோத்து, ஆணி அடித்து நிறுத்திவிடுவார். "பொடி வைக்காம நகையா? சின்னப் பிள்ள வெளையாட்டு" என்றார் அப்பா. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1955-இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் விருந்தினராக வந்து தங்கியபோதும் கால்டர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொண்டேதான் இருந்தார். காதைப் பற்றிய பதிவு என்பதால் இன்னொன்று: 1942-இல் நியூயார்க்கில் பெகி குகன்ஹைம் தன் கலைக்கூடத்தைத் திறந்த அன்று ஒரு காதில் கால்டர் செய்த தொங்கட்டானும், மறு காதில் இவ் தாங்கி என்ற ஓவியர் செய்ததும் போட்டுக்கொண்டு வந்தார். கால்டரின் அரூபக் கலை, தாங்கியின் மிகையதார்த்தம் என்ற இரண்டு கலைப் போக்குக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று காட்டுவதற்காக. காதால் ஒரு கருத்தைச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஓட்டோ கூன்ஸ்லியின் வேலைகளைக் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மியூனிக்கில் வேலை செய்தவர். 1980-இல் அவர் செய்த ஒரு வளையல் வெறும் கறுப்பு ரப்பர் குழாய்தான். ஓரிடத்தில் மட்டும் புடைத்திருக்கும். அதற்குள் ஒரு தங்கக் குண்டு இருக்கிறது. பார்க்க முடியாது, நம்ப வேண்டும். 'தங்கம் குருடாக்கும்' என்று அதற்குப் பெயர். பவுன் கணக்கில் பெண்ணை எடை போடுகிற ஊரில் பிறந்தவள் நான். அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவருடைய இன்னொரு வேலை ஒரு சங்கிலி. முன்பின் தெரியாதவர்கள் போட்டுப் பழசான 48 கல்யாண மோதிரங்களை விளம்பரம் கொடுத்து வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தது. உள்பக்கத்தில் பெயரும் தேதியும் பொறித்தபடியே இருக்கின்றன. அதைக் கழுத்தில் போட யாருக்கும் மனசு வராது. 48 வீட்டுக் கதை கழுத்தில் கிடந்தால் தாங்குமா?

அப்பா இந்தப் படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சாமணத்தால் உமியைக் கிளறிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "உருக்காம விட்டுட்டான், என்ன" என்றார்.

படிப்பு முடிந்ததும் நான் செய்ய நினைத்தது பாம்படம். வெள்ளியில், அதே அளவில், அப்படியே. கட்டையும் உருண்டையும் முழு உலோகமாக வார்த்தேன், கூர்மை நன்றாக வந்தது. ஒரு காதுக்கு 38 கிராம். என் தோழி ஒருத்தி ஆசையாகப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் காது சிவந்து கழற்றிவிட்டாள். அப்பா கையில் வாங்கி எடை பார்த்தார். "உள்ள அரக்கு எதுக்கு வச்சாங்கன்னு நெனச்ச?" என்றார். பிறகு தகடு வெட்டி, சதுரமாக மடித்து, அரக்கை நிரப்பி எனக்கு ஒரே ஒரு கட்டையைச் செய்து காட்டினார். ஒரு முழு நாள் ஆனது. எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால் மாட்டிப் பார்த்தால் ஏதோ ஒட்டவில்லை. எங்களைப் போன்ற சின்ன ஓட்டைக் காதில் பாம்படம், கடையில் தொங்குகிற பாம்படமாகவே இருந்தது. பஞ்சுத் திரி வைத்து, ஈயக் குணுக்கு மாட்டி, வருடக்கணக்காக வளர்த்த காது அதில் பாதி நகை. அந்தக் காது இல்லாமல் நான் மீதிப் பாதியை மட்டும் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் அதைத் தொடவில்லை. கோலத்தாலி மாதிரி, மெட்டி மாதிரி, விற்கிறதைச் செய்து வாடகை கொடுத்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆச்சி இறந்தது 2014 தை மாதம். குளிப்பாட்டி உட்கார வைத்திருந்தார்கள். தலையைத் துவட்டும்போது என் விரல் பழக்கத்தில் அந்தக் காதுக்குள் போய்விட்டது. குளிர்ந்திருந்தது. தசை மெலிந்து ஒரு நீள வளையமாக, மேலே ஒல்லியாக, கீழே சற்றுத் தடித்து இருந்தது. இருபத்து மூன்று வருடம் வெறுமையாகத் தொங்கிய காது. நான் செய்ய வேண்டியது அதுதான் என்று அந்த நிமிடத்தில் தெரிந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

கம்பச்சில் (கம்பி இழுக்கிற ஓட்டைத் தகடு) இழுத்த 925 வெள்ளிக் கம்பி. அதன் நடுப்பகுதியை மட்டும் தடியாக விட்டு, இரண்டு முனையையும் தட்டித் தட்டி ஒல்லியாக்கி, வளைத்துச் சேர்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கல் இல்லை, கட்டை இல்லை, மணி இல்லை. 62 மில்லிமீட்டர் நீளம், ஒன்று 7 கிராம். சின்ன ஓட்டைக் காதில் மாட்டினால் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காது தொங்கும். பளபளப்பு ஏற்றவில்லை, தோல் மாதிரி மங்கலாகவே விட்டேன். அப்பா சேரும் இடத்தில் மட்டும் பொடி வைத்து ஊதிக் கொடுத்தார். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியாது.

போன மாதம் அத்தை மதுரைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆச்சியின் பாம்படம் அவள் கழுத்தில் ஆரமாக இருந்து, பிறகு பேத்தியின் வளையலாகவும் மாறியாகிவிட்டது. பட்டறையில் தட்டில் கிடந்த ஒரு ஜோடியில் ஒன்றை எடுத்தாள். எத்தனை கிராம் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டு மெதுவாக ஆட்டிப் பார்த்தாள்.

"அம்ம காது இன்னும் கொஞ்சம் நீளம்ளா" என்றாள்.

அடுத்த ஜோடிக்குக் கம்பி வெட்டி வைத்திருக்கிறேன். 66 மில்லிமீட்டர்.