அம்மம்மாவின் இன்னொரு விளக்கு

டிசம்பர் 26 வந்தால் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் சுனாமியில் போனவர்களுக்காக விளக்கேற்றுவோம். அம்மம்மா மட்டும் தனியாக இன்னொரு சிட்டிக்கு எண்ணெய் விட்டு, திரியைக் கசக்கிப் போட்டு ஏற்றுவார். அது நடிகை சாவித்திரிக்கு. 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து அவர் கண்மூடியதும் இதே நாளில்தான், 1981இல்.

1952இல், இருபது வயதுகூட ஆகாத பெண், ஏற்கெனவே மனைவி பிள்ளைகள் இருந்த ஜெமினி கணேசனை ரகசியமாகக் கட்டினார். ஒரு சோப்பு விளம்பரத்தில் ‘சாவித்திரி கணேஷ்’ என்று கையெழுத்துப் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கையெழுத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கும். எவ்வளவு ஆசையாகப் போட்டிருப்பார்!

அப்புறம் பிரிவு, சொந்தப் படத்தில் நட்டம், குடி. ஐம்பது வயதைக்கூடக் காணவில்லை.

நேற்று டச்பே கடற்கரையில் ஒருவர் அவரைக் ‘குடிகாரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்குச் சரியான கோபம். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், படம் இயக்கியவர், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர். அதையெல்லாம் ஏன் ஒருவரும் கதைப்பதில்லை?

இன்று காற்று பலம். அம்மம்மா முந்தானையால் மறைத்தபடி இன்னும் வாசலில்தான் இருக்கிறார்.